அம்மாவால் வர முடியாது, பாப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. எழுதப் போனேன், கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா என்ன திடீரென்று காகிதமும் பேனாவும் எடுத்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் பேசுவது எனக்கு வராது, உனக்கே தெரியும், சாப்பிட்டியா, அங்க குளிரா, இரு அம்மாகிட்ட தர்றேன், இதோடு என் பேச்சு முடிந்துவிடும். அது போக நம் வீட்டில் இருப்பது இரண்டே அறை, இந்த அறையில் நான் தும்மினால் அந்த அறையில் அம்மா தைலத்தைத் தேட ஆரம்பித்துவிடுவாள், அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. இதை அவளுக்குத் தெரியாமல்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது அதை மீறுகிறேன். நீ முதலில் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொள், தண்ணீர் குடி, பிறகு படி. உயிருக்கு ஒன்றும் இல்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படி.

நான் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உள்ளே இருக்கிறாள், முக்கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது. ஆறு மாசம் ஆகிறது. நீ போனில் அந்த நல்ல செய்தியைச் சொன்னாயே, அதற்கு நாலு நாள் முன்னால் நடந்தது. ஹோட்டல் சலவைக் கூடத்தில் அவளுக்குக் காலை ஷிப்ட். பெரிய மெஷினிலிருந்து ஈரமான படுக்கை விரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும், இருபது விரிப்பு ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு மலைப்பாம்பு மாதிரி கிடக்குமாம், அதைப் பிடித்து இழுக்கும்போது இடுப்புக்குள் ஏதோ டக்கென்று நகர்ந்ததாம். கூட வேலை செய்கிறவர்கள் அவளைப் பிடித்து அழுக்குத் துணி மூட்டை மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் அப்படிக் கிடந்துவிட்டு எழுந்து, மிச்ச ஷிப்டையும் மடிக்கிற மேஜையில் நின்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் சுளுக்கு என்றாள். முப்பத்திரண்டு வருஷம் பஸ் சீட்டில் குலுங்கினவன் நான், முதுகு போவதென்றால் நியாயமாக எனக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று சொன்னேன். வளைஞ்சு நிமிர்ந்து ஒரு வேலை செஞ்சிருந்தாத்தானே உங்க முதுகு போகும்னு கேட்டாள். வலியிலும் வாய் குறையவில்லை, அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு, இன்னும் பல இருக்கின்றன, வரிசையாக வரும்.

நாலாம் நாள் நீ போன் பண்ணினாய். அவள் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி உன்னோடு பேசினாள், சிரித்தாள், அழுதாள், போனை வைத்துவிட்டு ஒரு பக்கமாகத் திரும்ப முடியாமல் என் கையைப் பிடித்தாள். பாப்பாகிட்ட இதைச் சொல்லாதீங்க, முதல் மூணு மாசம் அவ மனசு நல்லா இருக்கணும்னாள். மூன்று மாசம் முடிந்ததும் அஞ்சு ஆகட்டும் என்றாள். அஞ்சு முடிந்ததும் இனி சொல்லி என்ன, நான்தான் நேரிலேயே போகப்போறேனே என்றாள். இப்படித்தான் உன்னிடம் மறைத்தது, வேறு எந்த எண்ணமும் இல்லை.

நம் தெரு டாக்டர் மாத்திரை கொடுத்து பத்து நாள் படுக்கச் சொன்னார். பத்து நாளில் இடுப்பு வலி குறைந்து, வலி இடது காலில் இறங்கியது. தொடையிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி என்பாள். இருமினால் அடிக்கும், தும்மினால் அடிக்கும், ஒருநாள் சிரித்ததற்கும் அடித்தது, அதற்கப்புறம் நான் வீட்டில் எதுவும் வேடிக்கையாகப் பேசுவதை நிறுத்திவிட்டேன். தெரு டாக்டர் பெரிய ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்த ஆளை நீங்கள் பாருங்கள் என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுகிற சீட்டு, ரெஃபரல் என்கிறார்கள், அது இல்லாமல் உள்ளே ஒரு கதவும் திறக்காது. நான் ஓட்டுகிற வண்டிக்குக் கடைசி நிறுத்தமே இந்த ஆஸ்பத்திரி வாசல்தான். எத்தனை ஆயிரம் பேரை இங்கே இறக்கி விட்டிருப்பேன், படி இறங்க முடியாதவர்களுக்காக ஒரு நிமிஷம் கூடுதலாக நிறுத்தியிருக்கிறேன், அதோடு என் கடமை முடிந்தது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். உள்ளே இவ்வளவு நடை இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

எலும்புப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், அம்மா கத்தினாள், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதினார். ஸ்கேனுக்குத் தேதி ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது. ஏழு வாரம் கழித்து எடுத்தோம். அதன் முடிவை வாங்கிக்கொண்டு எலும்புப் பிரிவின் பெரிய டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம். அவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கும், அது பிதுங்கிப் பின்பக்கமாக வந்து நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்து பிதுங்கினதை எடுத்துவிட்டால் நல்லது என்றார். எல்லாம் நாலு நிமிஷத்தில் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் நரம்புப் பிரிவிலும் காட்டிவிடுங்கள் என்று ஒரு சீட்டு எழுதினார். நரம்புப் பிரிவில் முப்பத்திநாலாம் நாள் வரச் சொன்னார்கள். முப்பத்திநாலாம் நாள் போனால், ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாள் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சீட்டுக்கு முப்பது நாள்தானாம் ஆயுசு. தேதி கொடுத்ததும் நீங்கள்தானே என்று கேட்டேன். நான் என்னங்க பண்ணுவேன், கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குதேன்னு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பாவம், பொய் இல்லை, சிவப்பாக ஏதோ எழுத்து வந்திருந்தது. புதுச் சீட்டுக்கு எலும்புப் பிரிவுக்குப் போனால், பழைய சீட்டு முடிந்துவிட்டதால் தெரு டாக்டரிடமிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். தெரு டாக்டர் ஒரு வாரம் லீவு. எந்த இடத்திலும் யாரும் என்னைத் திட்டவில்லை பாப்பா, எல்லோரும் தன்மையாகத்தான் பேசினார்கள், யாராவது ஒருத்தர் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டுக் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அம்மாவால் உட்கார முடியாது என்பதால் அந்த வரிசைகளில் எல்லாம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருப்பாள். ஒருமுறை நிற்கவும் முடியாமல், தரையில் என் சட்டையை விரித்துப் படுத்தாள். போகிற வருகிறவர்கள் தாண்டிப் போனார்கள். உன் அம்மா எவ்வளவு ரோஷக்காரி, ஒரு கல்யாண வீட்டில்கூட மற்றவர்களுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார மாட்டாள், அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நான் பனியனோடு பக்கத்தில் குந்தியிருந்தேன். எனக்கு அப்போது என்ன செய்யத் தோன்றியது தெரியுமா, அவள் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேறு செய்ய என்னிடம் ஒன்றுமில்லை.

நரம்பு டாக்டர் கடைசியில் பார்த்தார். நிதானமான மனுஷர், அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. எலும்பு டாக்டருக்கு அவசரக்காரர் என்றும் இவருக்குப் பொறுமைக்காரர் என்றும் பேர் வைத்துவிட்டாள். பொறுமைக்காரர் சொன்னது, நிறையப் பேருக்கு இது கத்தியில்லாமலே சரியாகிவிடும், முதுகில் ஒரு ஊசி போடலாம், பயிற்சி செய்யலாம், காத்திருந்து பார்க்கலாம். அப்படியென்றால் ஆபரேஷன் வேண்டாமா என்று கேட்டேன். செய்வதும் தப்பில்லை, செய்யாததும் தப்பில்லை, முடிவு உங்க கையிலதான் என்றார். அவசரக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டதற்கு அவரும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். ரெண்டு பேரும் படித்தவர்கள், ரெண்டு பேருக்கும் அவள் மேல் அக்கறை இருக்கிறது, ரெண்டு பேரும் ஒரு பஸ் டிரைவரையும் ஒரு சலவைக்காரியையும் பார்த்து முடிவு உங்கள் கையில் என்கிறார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். உன்னைப் படிக்க வைத்தோம், இந்த மாதிரி நேரத்தில் உன்னைக் கேட்டிருக்கலாம், ஆனால் உன்னிடம்தான் சொல்லக்கூடாதே.

முடிவை அம்மாவே எடுத்தாள், எனக்கு அதற்கான காரணம் தெரியும். ஆபரேஷன் என்றால் மூன்று மாசம் பயணம் கூடாது. ஊசி என்றால் உன் பிரசவத்துக்கு வந்துவிடலாம். வாங்கி வைத்த டிக்கெட் அடுத்த மாசம் பதினெட்டாம் தேதிக்கு. ஊசி போட்டார்கள். ஒன்பது நாள் நன்றாக இருந்தாள். அந்த ஒன்பது நாளில் பெட்டியை இறக்கச் சொல்லி, குட்டிக்கு என்று தைத்த துணிகளைத் துவைத்து மடித்து அடுக்கினாள், ஹோட்டல் மடிப்பு, ஒரு சுருக்கம் இருக்காது. உனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்க்க யார் இருக்கிறார்கள், ராத்திரி குழந்தை அழுதால் மாப்பிள்ளை எழுந்திருப்பாரா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே அடுக்கினாள். பத்தாம் நாள் வலி திரும்பி வந்துவிட்டது. போன வாரம் கடைத்தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தோம், பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்து, அம்மா உங்க செருப்புன்னு நீட்டினாள். இடது கால் செருப்பு எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது, இவள் வெறுங்காலோடு அரைத் தெரு நடந்து வந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் போன பிறகு என்னைப் பார்த்து, வார் தளர்ந்துபோச்சு, வேற வாங்கணும்னாள். நானும் ஆமாம் என்றேன்.

நரம்பு டாக்டரை மறுபடி பார்க்க வரும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பயிற்சி. வியாழக்கிழமை அவர் ஆபரேஷன் என்றே சொன்னாலும் இவள் கேட்கப்போவதில்லை, பாப்பாவைப் பார்த்துட்டு வந்து எந்தக் கத்தியில வேணும்னாலும் படுத்துக்கறேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். எத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டும், நடுவில் வண்டி மாற வேண்டும், பெட்டியைத் தூக்க வேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன், ஒருநாள் சத்தம்கூடப் போட்டேன். நான் சொன்னால் கேட்கிறவளா. அதனால் நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நீயே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உன் மாமியார் வருகிறார்கள், வீட்டில் இடமில்லை, அப்படி ஏதாவது சொல்லு. அவள் மனசு நோகும், தெரியும். உன் மேல் கோபம் வந்தால் ஒரு மாசத்தில் ஆறிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன். நான் கேட்டதாக மட்டும் தெரியவே கூடாது. அந்தப் பயிற்சி கொடுக்கிற பெண் கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுகிறாள், நேரம் இன்னும் முடியவில்லையே, என்னவென்று கேட்டுவிட்டு வந்து

பாப்பா, மேலே விட்ட இடத்திலிருந்து இன்று ஐந்தாம் நாள். அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது, நீ பொய் சொல்லவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தப் பிசியோதெரபிப் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். பயிற்சிக்கு முன்னால் அம்மாவிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறாள், கடைசியாக ஒன்னுக்கு எப்பம்மா போனீங்க என்று கேட்டிருக்கிறாள். அம்மா முதலில் சிரித்து மழுப்பியிருக்கிறாள். அவள் விடவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து போகவே இல்லை என்று அப்போதுதான் சொல்லியிருக்கிறாள். போக வேண்டும் என்ற உணர்வே வரவில்லையாம், உட்காருகிற இடமெல்லாம் மரத்துக் கிடந்ததாம். மாத்திரைச் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனுஷன், என்னிடம் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு, இப்பவே அவசரப் பிரிவுக்குப் போகணும் என்றாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா. சீட்டு யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டேன். எனக்கு அப்படிப் பழக்கிவிட்டார்கள். அவள் என் முகத்தை ஒரு வினாடி பார்த்தாள், தானே சக்கர நாற்காலியை இழுத்து வந்து, அம்மாவை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார வைத்து, தாழ்வாரம் முழுக்க வழி விடுங்க வழி விடுங்கன்னு தள்ளிக்கொண்டு போனாள். நான் பையோடு பின்னால் ஓடினேன்.

அவசரப் பிரிவு டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டார். நேற்றுச் சாயங்காலம் என்றோம். ஏன் உடனே வரவில்லை என்றார். வியாழக்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். இதுக்கெல்லாம் தேதி வேணாம் ஐயா, சீட்டும் வேணாம், நேரா வந்திருக்கலாம், உங்ககிட்ட கொடுத்த தாள்லயே இருக்குமே என்றார். எந்தத் தாள் என்று கேட்டேன். பொறுமைக்காரர் முதல் நாளே கொடுத்த ஒரு மஞ்சள் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது, முன்பக்கம் எந்த அறை, எந்த மாடி, எந்த நேரம் என்று இருக்கும், அதை வைத்துத்தான் இத்தனை நாள் அலைந்தேன். எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் இருந்தது. சிறுநீர் போகாவிட்டால், உட்காரும் இடம் மரத்தால், பாதம் தொங்கினால், ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் வரவும் என்று நம் மொழியிலேயே அச்சடித்திருந்தது. அதன் மேல் நான் ஜன்னல் எண்களையும் டிப்போ சூப்பர்வைசர் நம்பரையும் எழுதி வைத்திருந்தேன். பாதம் தொங்கினால் என்பதன் மேல்தான் சூப்பர்வைசர் நம்பர். போன வாரம் செருப்பு கழன்று விழுந்தபோது அந்தத் தாள் என் பையில் இருந்தது, பாப்பா. தினமும் எத்தனை போர்டு படித்து வண்டி ஓட்டுகிறவன், ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும். உன்னிடம் சொல்கிறேன். ஆறுதல் சொல்லாதே, சும்மா கேட்டுக்கொள், போதும்.

அதற்கப்புறம் எல்லாம் வேகம். ஏழு வாரம் காத்திருந்த அதே ஸ்கேனை இருபது நிமிஷத்தில் எடுத்தார்கள். பிதுங்கினது பெரிதாகி நரம்புக் கொத்து முழுவதையும் நசுக்கிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்ய வந்தது அவசரக்காரர்தான். ஆனால் அன்றைக்கு அவர் அவசரப்படவில்லை, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, இப்ப செஞ்சாகணும், செஞ்சாலும் எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது, நீங்க தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும் என்று நிதானமாகச் சொன்னார். இந்தத் தடவை முடிவு உங்கள் கையில் என்று அவர் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். உள்ளே கொண்டுபோகும்போது அம்மா என்னைக் கூப்பிட்டாள், ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன். அடுப்பில வச்ச பாலை மூடி வைக்கலை, பூனை வந்துரும்னாள். மூன்று மணி நேரம் ஆனது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. எதிரே சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று மாட்டியிருந்தது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதியிருந்ததை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது, அதன் பின்பக்கமும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலில் அடித்த கரண்ட் நின்றுவிட்டது, ஆறு மாசத்துக்குப் பிறகு வலியில்லாமல் மல்லாந்து தூங்குகிறாள். அது ஒன்றுதான் நல்ல செய்தி. சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்தார்கள், மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தார்கள், தானாகப் போகவில்லை, மறுபடி வைத்துவிட்டார்கள். இடது பாதம் தூக்க வரவில்லை, கணுக்காலுக்குக் கீழே துவண்டு கிடக்கிறது. திரும்புமா என்று டாக்டரைக் கேட்டேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்கு இல்லை, நரம்பு நாள் கணக்கில் வராது, மாசக் கணக்கில்தான் வரும், ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார். முந்தின நாளே, இல்லை அந்தச் செருப்பு கழன்ற அன்றே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

முழித்ததும் அம்மா கேட்டது டிக்கெட்டை. ரத்து பண்ணாதீங்க, தள்ளி மட்டும் வைங்க என்றாள். அடுத்தது, பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன், அப்போது அது உண்மை. வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணினாயே, நினைவிருக்கிறதா, பின்னால் என்னம்மா சத்தம் என்று கேட்டாயாம். வேலையில இருக்கேன்டி, மெஷின் ஓடுது என்றாள். அது மெஷின் இல்லை, வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டு வருகிற சத்தம். நீ நம்பிவிட்டாய். அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தாள், பிறகு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குத்தான் இந்தக் காகிதத்தை முடித்துத் தபாலில் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன். பதினெட்டாம் தேதி நீ விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பி வைத்து, அவர் வாசலில் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

இப்போது உனக்கு யார் துணை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. உன் மாமியாரைக் கேள், கூச்சப்படாதே, கேட்டால் வந்துவிடுவார்கள். அவர்களால் முடியாவிட்டால் மாப்பிள்ளை ஒரு மாசம் லீவு போடட்டும், குழந்தையைக் குளிப்பாட்ட ஆண்களுக்கும் கை உண்டு என்று நான் சொன்னதாகச் சொல்லு. நானும் இந்த வாரமாக அம்மாவுக்குத் தலை சீவி விடுகிறேன், வகிடு பஸ் போகிற மலைப்பாதை மாதிரி இருக்கிறது என்கிறாள், ஆனாலும் சீவ விடுகிறாள். நீ கிளம்பி வர நினைக்காதே, எட்டாம் மாசத்தில் உன்னை ஏற்றவும் மாட்டார்கள், நீ வந்து நின்றால் அம்மா என்னை உயிரோடு விடவும் மாட்டாள். வாளி, பெட்டி, துணிக்கூடை எதையும் தூக்காதே. உடம்பில் எந்த இடத்தில் என்ன வித்தியாசமாக இருந்தாலும், அது சொல்லக் கூச்சமான இடமாகவே இருந்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடு. மாப்பிள்ளையிடமும் சொல். அவர் ஆம்பிளை என்று பார்க்காதே.

தினமும் காலையில் வார்டு நர்ஸ் வந்து போர்வையை விலக்கி, கட்டைவிரலை மேலே தூக்குங்கம்மா என்பார். அம்மா தலையைத் தூக்கக் கூடாது, அதனால் அவள் தன் காலைப் பார்க்க முடியாது, கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துத் தூக்குவாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்பேன். நாலு நாளும் அசையவில்லை. இன்று காலையும் அப்படித்தான். நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இன்னைக்கு நல்லா தூக்கினேனே, பார்த்தீங்களா, அசைஞ்சுதா என்று அம்மா கேட்டாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைஞ்சுது என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு என்று கேட்டாள். கொஞ்சம்தான், ஒரு அரிசி அளவு என்றேன். அப்ப குழந்தைக்கு மூணாம் மாசம் நான் போயிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக் காலையும் நர்ஸ் வருவார், இவளும் கேட்பாள். நாளைக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, பாப்பா.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், பிரசவம் நல்லபடி ஆக வேண்டும், இந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேறு வேண்டுதல் கிடையாது. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்று அம்மாவுக்குப் போன் பண்ணாதே, உன் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். ஒருநாள் விட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பண்ணு. வேலை எப்படிப் போகுதும்மா என்று எப்போதும் போலக் கேள். அவள் சொல்வதைச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா